முதலில் வெளியே வந்தவன்

இலை போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன், மருதாசலம் இலையைப் போட்டுவிட்டான். சரி, சோறு விழுவதற்கு முன்னால். சோறும் விழுந்துவிட்டது. அரிசிம்பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், மாங்காய் ஊறுகாய், எல்லாம் அவன் மனைவி நாச்சம்மாள் காலையில் எழுந்து செய்து தூக்குப் போசியில் அடைத்துக் கொடுத்தது, இன்னும் ஆவி போகவில்லை. நேற்று வரை மழை, நாளைக்கும் மழைதான் என்கிறார்கள், நடுவில் இந்த ஒரு நாள் மட்டும் ஐப்பசி வெயில், குளிப்பாட்டிய குழந்தையின் முதுகு மாதிரி இளஞ்சூடாக. நொய்யல் தடுப்பணைமேல் செம்மண் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் இருப்பது நல்லது, பேசாமல் இருந்தாலும் பேசாமல் இருப்பதாகத் தெரியாது. எனக்கு வயது எழுபத்தாறு. பதினேழு தடவை சிறைக்குப் போனவன். கலெக்டரின் மேசையைத் தட்டி, அவருடைய கண்ணாடித் தம்ளர் துள்ளி விழப் பேசியவன். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். நீ காட்டிக் கொடுக்கவில்லை. சுப்பையன்தான் காட்டிக் கொடுத்தான். உன்மேல் பழி போட்டது நான். நோட்டீஸில் அடித்தால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது, ஆனால் தொண்டையில் நிற்கிறது, மீன் முள் நிற்கிற மாதிரி, விழுங்கினாலும் போகாமல் துப்பினாலும் வராமல். "என்ன நஞ்சப்பா, சோத்தையே மொறைக்கறே? பிசைஞ்சு அடி, ஆறிப்போச்சுன்னா மெழுகாட்ட ஆயிரும்" என்கிறான் மருதாசலம். பிசைகிறேன். விரல் சுடுகிறது. வெள்ளிக்கிழமை இவன் ஓசூர் போகிறான், மகள் கோமதி வீட்டுக்கு, வீட்டைக் காலி செய்துகொண்டு நிரந்தரமாக. இன்றைக்கு விட்டால் நானும் இவனும் இப்படி உட்கார இனி ஒரு நாள் இல்லை. எனக்கு விஷயம் தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் ராத்திரி படுத்தால் வலது பக்கம் திரும்பி அந்த மூன்று வாக்கியம், இடது பக்கம் திரும்பி அதே மூன்று வாக்கியம்.

"ஒம்பதாவது மாடியாமா" என்கிறான். "நாச்சிக்கு இப்பவே கெதக்குங்குது. நான் சொன்னேன், செத்தா ஒண்ணும் பிரச்சனையில்ல, லிப்ட்டுல நிக்கவெச்சு எறக்கிருவாங்க, பொணம்னே தெரியாதுன்னு. கரண்டிய எடுத்து அடிக்க வந்துட்டா." சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன், என் சிரிப்பு எனக்கே வேறு யாரோ சிரிப்பது மாதிரி கேட்கிறது. இவன் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். எப்போதுமே இப்படித்தான் சாப்பிடுவான், தலையைக் குனிந்து, கடைசி உருண்டை வரைக்கும் அதே அக்கறையோடு. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்க விசாரணையில் நான் கேட்டேன், லாக்கப்பில் சாப்பிட்டாயா இல்லையா? சாப்பிட்டேன் என்றான். ஏன்? பசிச்சுது என்றான். பசி வாதமாகாது என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மற்றதெல்லாம் இருபத்தைந்து காசுப் பிரசுரங்களில் படித்தது, ஊசி குத்தின பதினாறு பக்கம், மட்டமான காகிதம், படித்து முடித்தால் விரலில் மை. அதிலேதான் உலகம் எப்படி உருண்டது, கூலி எப்படித் திருடப்படுகிறது, அரசு என்பது யாருடைய கம்பு, எல்லாம் தெரிந்துகொண்டேன். காலேஜ் படித்தவனெல்லாம் என் முன்னால் பேச்சில் நின்றதில்லை. இன்றைக்குச் சங்கச் செயலாளர் என்று ஒருவன் காரில் வருகிறான், என்னை ஐயா என்கிறான், ஐயா என்று சொல்லிப் பின்வரிசை நாற்காலியைக் காட்டுகிறான், ஒரு நோட்டீஸ் எழுதத் தெரியாது, போனில் யாரோ அனுப்பினதை யாருக்கோ அனுப்புகிறான். நான் எழுதினேன். 'உளவாளியை இனம் காண்பது எப்படி?' வேலைநிறுத்தத்துக்கு முந்தின வருஷம், மஞ்சள் அட்டை, இரண்டாயிரம் பிரதி, பதினைந்து நாளில் தீர்ந்தது. பத்து அடையாளங்கள். காவலிலிருந்து முதலில் வெளியே வருபவனைக் கவனி. காவலில் தனியே அழைத்துப்போய்ச் சாப்பாடு கொடுக்கப்படுபவனைக் கவனி. விசாரித்தால் ஆத்திரப்படுபவனைக் கவனி, இது எட்டாவது. விசாரித்தாலும் ஆத்திரப்படாதவனைக் கவனி, இது ஒன்பதாவது. இரண்டையும் நானேதான் எழுதினேன். அப்புறம் மனிதன் எப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலைநிறுத்தத்தின் முப்பத்தெட்டாவது நாள். ஒண்டிப்புதூரில் ஒரு தறிக்குடோனுக்குள் கமிட்டி கூடினோம், பகல் பதினொரு மணி, இடம் தெரிந்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர்தான், போலீஸ் நேராக அந்தக் கதவுக்கே வந்தது, பக்கத்துக் கதவைக்கூடத் தட்டவில்லை. ஒன்பது பேரும் லாக்கப்பில். சாப்பாடு வேண்டாம் என்று மறுப்பது என முடிவெடுத்தோம், நான்தான் முடிவெடுத்தேன். இரண்டாவது நாள் மதியம் மருதாசலத்தை மட்டும் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன்மேல் பரோட்டா சால்னா வாசம் அடித்தது. எட்டுப் பேர் வயிறும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மூன்று மணிக்கு அவனை விட்டுவிட்டார்கள். சுப்பையன் எல்லோருக்கும் கடைசியில், ஒரு வாரம் கழித்து, கன்னம் பருத்திப் பொதி மாதிரி வீங்கி வெளியே வந்தான், மாலை போட்டோம். வேலைநிறுத்தம் உடைந்தது. முந்நூறு பேருக்கு வேலை போனது. யாரோ ஒருவன் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் நாங்கள் தோற்றது எப்படி? மூன்று பேர் விசாரணைக் குழு, நான் தலைமை. சங்கத்தின் வழக்கம், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவனே அதை மில் வாசலில் நின்று மைக்கில் படிக்க வேண்டும். படித்தேன். சம்பந்தப்பட்டவன் முன்வரிசையில் நின்று கேட்க வேண்டும் என்பதும் வழக்கம். நின்றான். கைக்குழந்தை கோமதியைத் தோளில் போட்டுக்கொண்டு நாச்சம்மாளும் நின்றாள். அதற்கப்புறம் மில் லைன் வீடுகளில் அவளுக்குக் குழாயில் முறை கிடையாது. ஒரு நாள் அவர்கள் வாசற்கதவில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தது. அதை நான் சொல்லவில்லை, செய்யச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. மில்லும் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, உளவாளியாக இருந்தால் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே, அதை என்னவென்று சொல்வது. லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினான். இப்போது ஊறுகாயை நக்குகிறானே அந்த வலது கையின் சுண்டுவிரல் மடங்காது, மூட்டை விழுந்து நசுங்கினது.

"ஏப்பா, தயிர் ஊத்தட்டுமா?" என்கிறான். வேண்டாம் என்கிறேன். "அட, ஊத்திக்க. கோமதி ஊட்டுல தயிரெல்லாம் டப்பாவுலதானாமா, தேதி போட்டு. தயிருக்கு என்னத்துக்குடா பொறந்த நாளு?" ஊற்றிவிட்டான். வெள்ளையாக இலையில் ஓடுகிறது, நான் சோற்றால் அணை கட்டுகிறேன். பதினோரு நாளைக்கு முன்னால் கண் சிகிச்சை முகாமில் எனக்கு நாற்பத்தொன்றாம் எண், பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நாற்பத்திரண்டு. இரண்டு பேர் கண்ணிலும் மருந்து விட்டு மூடச் சொல்லிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது பக்கத்துக் குரல் கேட்டது, "நஞ்சப்பன் தலைவர்தானுங்களே? கொரல வெச்சே கண்டுபுடிச்சுட்டேன். உங்க கூட்டத்துக்கெல்லாம் குறிப்பெடுக்க வந்து நிப்பனுங்க, ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டு." எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும், எதிரிகூட என் குரலை மறக்கவில்லை என்று பெருமையாக இருந்தது. பழைய கதையாகப் பேசினோம். பிறகு அந்தாள் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க மஞ்சப் புத்தகம் ஒண்ணு ஸ்டேசன்ல வெச்சிருந்தமுங்க. இன்ஸ்பெக்டர் படிச்சுப்போட்டு, அந்த ஒல்லிப் பையனக் கூப்பிட்டுப் பரோட்டா வாங்கிக் குடுய்யா, மத்தியானமே வெளிய உட்ரு, மிச்சத்த நஞ்சப்பன் பாத்துக்குவான்னாரு. அப்படியே பாத்துட்டீங்க. நாங்க டீக்கடையில சிரிச்ச சிரிப்பு இருக்குதுங்களே." அப்போ யார் என்று கேட்டேன். "சுப்பையன்தானுங்க. இன்னுமா தெரியாது? கன்னத்துல வாங்குன அடியக்கூட அவனே கேட்டு வாங்கிக்கிட்டானுங்க. அடிச்சது நான்தான்." கண்ணைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். சுப்பையன் செத்தபோது அவன்மேல் கொடி போர்த்தியது நான். நாற்பது நிமிஷம் இரங்கல் பேசியது நான். பெண்கள் அழுதார்கள்.

ஆனால் தொண்டையில் நிற்பது அதுகூட இல்லை. அதுகூட இல்லை என்பது இப்போதுதான், இந்தத் தயிரைப் பிசையும்போதுதான் தெரிகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ராமாத்தாள் போனபோது சங்கத்திலிருந்து ஒரு மாலை வந்தது, ஆள் வரவில்லை. மருதாசலம் வந்தான். முப்பது வருஷம் பேசாதவன் வந்து சமையற்கட்டில் புகுந்து வந்தவர்களுக்குக் காப்பி போட்டான், பாத்திரம் கழுவினான், மூன்றாம் நாள் வரைக்கும் என் வீட்டிலேயே படுத்தான். போகும்போது வர்றேன் நஞ்சப்பா என்றான். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மன்னித்தேன் என்றுதான் அசைத்தேன். குற்றவாளி தானே தேடி வந்து பாத்திரம் கழுவுகிறான், நாம் பெரிய மனதோடு இருப்போம். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை இப்படி எங்காவது போய்ச் சாப்பிடுவோம், அணைக்கட்டு, குளத்துக் கரை, ஒரு தடவை மருதமலை அடிவாரம், நாச்சம்மாள் கட்டிக்கொடுத்த சோறு. ஒவ்வொரு தடவையும் நான் கை கழுவும்போது எனக்குள் ஒரு குரல், துரோகியோடும் ஒரு இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நீ, உன் மனம் பெரியது. எனக்கு அது பிடித்திருந்தது. சோற்றைவிட அது ருசித்தது. எதிர்க்கரையில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நிற்கிறது, அசையவே இல்லை. சொல்லு. இவன் தண்ணீர் குடித்து முடிக்கட்டும். குடித்துவிட்டான். ஏப்பம் விடட்டும். விட்டுவிட்டான். "மருதாசலம்" என்கிறேன். "ம்?" "உன்னைக் காட்டிக்குடுத்தவன்னு சொன்னது தப்பு. சுப்பையன்தான் அது. நான்தான் தப்பு செஞ்சது." சொல்லிவிட்டேன். மூன்று வாக்கியமும் வெளியே வந்துவிட்டன, உலகம் ஒன்றும் ஆகவில்லை, நாரை நிற்கிறது.

அவன் கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்கினான். முகம் மெதுவாக மலர்ந்தது, ஆமாம் மலர்ந்தது, நான் பார்த்தேன். "ஏய்யா, இத்தன வருசமாச்சா இதச் சொல்றதுக்கு?" என்றான். "நாச்சி மாசாமாசம் கேப்பா, இன்னிக்காச்சும் உங்க தலைவரு வாயத் தொறந்தாருங்களான்னு. தொறப்பான், வெக்கப்படறான், வயசான காலத்துல அவன எதுக்கு நோண்டறதும்பேன். போச்சாது உடு. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்று ஒரு வார்த்தை. பொய் சொல்லாதவன் என்ற என் திமிர் என்னை விடவில்லை, தெரிந்தவுடனே ஓடி வந்து சொல்கிறேன் பார் என்ற திமிர். "பதினோரு நாளாச்சு" என்றேன். "பதினோரு நாளா?" விரலில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்து இலையில் வைத்தான். மலர்ந்தது அப்படியே முகத்தில் நின்றது, பிறகு இல்லை. "அப்ப, ராமாத்தா செத்தன்னிக்கு?" நான் ஓடுகிற தயிரைச் சோற்றால் அடைத்தேன். "போன மாசம் குளத்துக் கரையில சாப்புட்டமே, அன்னிக்கு? அப்ப இந்தப் பன்னெண்டு வருசமும் நான் காட்டிக்குடுத்தவன்னு நெனச்சுட்டேதான் எம்பொண்டாட்டி கையால செஞ்ச சோத்தத் தின்னியா?" ஏதாவது சொல்ல வேண்டும், ஆயிரம் கூட்டத்தில் பதில் சொன்ன வாய், சொன்னது இதுதான்: "அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல. அப்பவே மன்னிச்சுட்டேன்." அவன் என்னைப் பார்த்தான். ஆத்திரப்படவில்லை. ஆத்திரப்படாமல் இருக்கவும் இல்லை. அதற்கு என் பத்தில் அடையாளம் கிடையாது. "மன்னிச்சுட்டே" என்றான். "நீ." சிரித்தான், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. "நான் என்னமோ, நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் எங்கூட உக்காருறேன்னு நெனச்சேன். தெரியாமத்தான் உக்காந்திருக்கே. மைக்குல சொன்னியே அன்னிக்கு, ஊரே கேட்டுதே. இன்னிக்கு ஆளில்லாத ஆத்தங்கரையில வந்து காதுல ஊதறே." இலையை மடித்தான். என் இலையில் பாதிச் சோறு இருந்தது, அதைப் பார்த்தான். சாப்பிடு என்று சொல்லவில்லை.

நடக்கிறோம், அவன் முன்னால், நான் பத்தடி பின்னால். வெயில் பிடரியில் விழுகிறது, காலையில் இதமாக இருந்த அதே வெயில். அவனுடைய செருப்பு ஈரமண்ணில் பதிகிற தடத்தில் என் செருப்பு பதிகிறது, வேண்டுமென்றே விலகி நடக்கிறேன், திரும்பத் தடத்திலேயே விழுகிறது. கூப்பிட்டு என்ன சொல்வது. மன்னித்துவிடு என்றா? அந்த வார்த்தையை நான் கெடுத்துவிட்டேனே, பன்னிரண்டு வருஷம் நான் போட்டுக் கழற்றிய சட்டை அது, அதை எடுத்து அவனிடம் எப்படி நீட்டுவது. சங்கத்தில் போய்ச் சொல்லலாம் என்றால் சங்கம் எங்கே, மில் எங்கே, மில் இருந்த இடத்தில் இப்போது மனைப் பலகை நட்டிருக்கிறார்கள், அன்றைக்கு வாசலில் நின்று கேட்டவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்காது. வசதியாகத்தான் இருக்கிறது உனக்கு நஞ்சப்பா. பஸ் வந்தது. மருதாசலம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது பேர் இருப்பார்கள், மில் வேலைக்காரர் ஒருவரும் இல்லை. காலேஜ் பெண்கள், கீரைக்கட்டோடு இரண்டு கிழவிகள், காதில் வயர் மாட்டிய பையன்கள், மடியில் சாக்கு வைத்த ஒரு விவசாயி. இவர்களுக்கு என்ன தெரியும், யாருக்குச் சொல்வது, இதெல்லாம் வீண், கேலிக்கூத்து, இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில், வெள்ளிக்கிழமை அவன் போய்விடுவான், உனக்கு இன்னும் எத்தனை வருஷம், மூன்றா நான்கா, வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பிப் படுத்தே கழித்துவிடலாம். "பெரியோர்களே" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. நாலைந்து தலை திரும்பியது. "என்னுடைய பேர் நஞ்சப்பன். மில் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். அதோ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மருதாசலம்." குரல் இருமலோடு வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் சுருக்குப்பையைத் திறந்து பத்து ரூபாய் எடுத்து நீட்டினாள், மருந்துச் செலவுக்கு என்று நினைத்திருப்பாள். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்தினார்கள். "பெருசு, டிக்கெட்ட எடுத்துப்போட்டுப் பேசுங்க" என்றார் கண்டக்டர். வேண்டாம் தாயே என்று அந்த அம்மாளின் கையை விலக்கினேன். காது எரிந்தது. "இவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் காட்டிக் கொடுத்ததாக ஊர் கேட்க மைக்கில் படித்தவன் நான்." அதற்கு மேல் வரவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, நான் கம்பியில் மோதிக்கொண்டேன், வண்டிச் சத்தத்தில் முக்கால்வாசி போய்விட்டது, திரும்பின தலைகளில் பாதி பழையபடி திரும்பிக்கொண்டது. மருதாசலம் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லாமல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"சத்தம் பத்தல."